வாந்தி நிற்கக் கூடாது என்றார் மாமி

வாந்தி எடுக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவளிடம் யாரும் இனிப்புப் பெட்டியோடு வருவதில்லை. ஆனால் கல்யாணமாகி ஆறு வருடமான ஒருத்தி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி குமட்டினால், கதவுக்கு வெளியே நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. சோறு மறுபடியும் சோறாக வாசனை அடிக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்களில் ஒரே ஒருவர், அடுத்த முறை சிரிப்பதற்கு முன் "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று கேட்டால் போதும்.

அப்போது நாங்கள் டெக்ஸாஸில் பிளானோவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஜாகிருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு, வெளியே வேலைக்குப் போக அனுமதியில்லாத ஹெச்-4 விசா, அதாவது வீட்டு வேலை. இரண்டு முறை நாள் தள்ளிப்போய் இரண்டு முறையும் ஏமாந்திருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து ஜாகிரின் அம்மா ஆறு மாத விசாவில் வந்து இறங்கிய வாரத்தில்தான் மூன்றாவது முறை தள்ளிப்போனது. மருந்துக் கடைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. மாமி அந்தக் குச்சியை வாங்கி முத்தமிட்டார். அது எதில் நனைத்த குச்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வாரமே வாந்தி ஆரம்பித்தது. எல்லோருக்கும் வருகிற மசக்கை இல்லை இது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வரும், குடிக்காவிட்டால் பச்சையாகப் பித்தம் வரும். ஜாகிரின் ஷேவிங் க்ரீம், ஃப்ரிட்ஜ் கதவு, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுகிற வாசனை எல்லாம் எனக்கு எதிரி. கண்ணில் ரத்த நரம்பு வெடித்து, கண்ணாடியில் பார்த்தால் யாரோ என்னை அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. பிரசவ டாக்டரின் கிளினிக்குக்கு போன் செய்தால் முதல் அப்பாயிண்ட்மெண்ட்டே ஒரு மாதத்துக்கு மேல் தள்ளித்தான் கிடைத்தது. அதுவரை உப்பு பிஸ்கட் சாப்பிடச் சொன்னார் போனை எடுத்த பெண், இனிமையான குரலில்.

மாமி மட்டும் கவலையே படவில்லை.

"ஜாகிர் வயித்துல இருக்கும்போது பிரசவத்தன்னிக்குக் காலையில வரைக்கும் வாந்தி எடுத்தேன்த்தா. எப்படி நிக்கிறான் பாரு. அவனுக்கு முன்னாடி ஒண்ணு உண்டாச்சு. ஒரு ஓங்கரிப்பு இல்ல, ஒண்ணுமில்ல, ராணி மாதிரி இருந்தேன். அஞ்சாம் மாசம் வயித்துலயே நின்னுபோச்சு."

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. கேலி செய்ய முடியாத விஷயம் அது. அந்த ஒரு இழப்பிலிருந்து மாமி ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்: வாந்தி இருக்கிற வரை பிள்ளை இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் நான் அந்தக் கோடை முழுக்கத் தண்டனை அனுபவித்தேன்.

முதல் முறை எமர்ஜென்சிக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிற்க முடியாமல் விழுந்த பிறகு. காத்திருக்கும் அறையில் கால் உடைந்த ஒருவனுக்கும், இருமிக்கொண்டே பீட்சா தின்ற ஒரு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது என்றார்கள். சாப்பாடு உள்ளே போகாததால் உடம்பு தன் கொழுப்பையே எரித்துச் சாப்பிடுகிறது, அந்தக் கழிவுக்குத்தான் அந்தப் பெயர். கையில் சலைன் ஏற்றி, வாந்திக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையையும் வாந்தி எடுத்தேன்.

நாலு வீடு தள்ளியிருந்த வசந்தா ஆன்ட்டிதான் அக்குபங்சர் செய்கிற ஒரு சீன டாக்டரைப் பற்றிச் சொன்னார். மாம்பலத்துக்காரர், மகள் வீட்டில் இருந்தார். முட்டி வலிக்கு அங்கே ஊசி குத்திக்கொண்டவர்.

"ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாரேன்டி. எனக்கு ஸ்டெப்ஸே ஏற முடியாது, இப்ப பாரு, ஓடறேன். வாந்திக்கு ஸ்பெஷலா ஒரு பாயிண்ட் இருக்காம்."

ஜாகிர் நெட்டில் வழி பார்த்து அச்சடித்துக்கொண்டார். அதற்கு அவசியமே இல்லை. நாங்கள் வாராவாரம் கறிவேப்பிலை வாங்குகிற இந்தியன் ஸ்டோர் இருக்கிற அதே ஸ்ட்ரிப் மாலில், அந்த ஒற்றை வரிசைக் கடைகளில், கடைசிக் கதவு. உள்ளே சுவர் முழுக்க மர இழுப்பறைகள். உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனிதப் படம். டாக்டர் லின்னுக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டும் காலில் ஓட்டப்பந்தய ஷூவும். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே உயரம் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் இடது கை, பிறகு வலது கை. மாமி என் காதருகில் குனிந்தார்.

"நம்ம ஊரு வைத்தியர் நாடி பாக்குற மாதிரியேல்ல பாக்குது இந்தப் பொம்பள."

அவ்வளவுதான், மாமி விழுந்துவிட்டார். அதுவரை அவருக்கு அமெரிக்காவில் பார்த்த எந்த டாக்டர் மேலும் நம்பிக்கை இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு போகிறவர்கள் டாக்டரா? இவர் விரலை வைத்தால் எடுக்கவே இல்லை. அதுதான் வைத்தியம்.

டாக்டர் லின் கண்ணைத் திறந்து, நாடி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்றார். "ரோலிங், ரோலிங். பேபி பல்ஸ்." அத்தோடு விட்டிருக்கலாம். மாமி விடவில்லை.

"ஆம்பளயா பொம்பளயான்னு கேளுடா ஜாகிரு. நம்ம ஊர்லதான் சொல்லக் கூடாதுன்னு சட்டம். இங்க அது இல்லேல்ல?"

ஜாகிர் நெளிந்துகொண்டே கேட்டார். டாக்டர் லின் என் இடது மணிக்கட்டை மறுபடியும் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"லெஃப்ட் ஸ்ட்ராங். பாய்."

மொழிபெயர்ப்புக்கு மாமி காத்திருக்கவில்லை. அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும்.

பிறகு ஊசி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் கேட்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். உள்ளங்கை மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, கையின் உட்பக்கம், இரண்டு தசைநாருக்கு நடுவில் ஒரு இடம். அதற்கு உள்வாசல் என்று அர்த்தம் வருகிற ஒரு சீனப் பெயர். மயிரிழை மாதிரி ஒரு ஊசியை அங்கே இறக்கி லேசாகத் திருகினார். முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. வலி என்று சொல்ல முடியாது. ஒரு கனமான மரமரப்பு விரல் வரைக்கும் இறங்கியது. அப்படியே படுக்க வைத்துவிட்டு விளக்கைக் குறைத்தார். நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பசித்தது.

மூலிகைப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார். மாமி அதைப் பிரித்து முகர்ந்தார்.

"இதுல பன்னி கின்னி கெடக்கான்னு கேட்டியாடா?"

"எனி அனிமல் இன்சைட், டாக்டர்?"

"நோ அனிமல். ரூட். ஆரஞ்ச் ஸ்கின். ஜிஞ்சர்."

ஆனால் அந்தக் கஷாயத்தை அடுப்பில் வைத்ததுமே அந்த வாசனைக்கு நான் வாசலுக்கு ஓடினேன். அதோடு பொட்டலம் குப்பைக்குப் போனது. ஊசி மட்டும் தொடர்ந்தது. அத்துடன் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சின்னப் பொத்தான் வைத்த ஒரு துணிப் பட்டையும் கொடுத்திருந்தார். இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். நாலைந்து முறை போனதில் வாந்தி நின்றே விட்டது என்று சொல்லலாம். வசந்தா ஆன்ட்டி கொண்டுவந்த ரசத்தைச் சோற்றில் பிசைந்து, வழித்து, தட்டை நக்கினேன். ஜாகிர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

மாமி ரசத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு தடவகூட எடுக்கலயா?"

"இல்ல மாமி."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

எழுந்து போய்த் தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவர் அசைய மாட்டேன் என்றார். சாயங்காலம் ஜாகிர் ஆபீஸிலிருந்து வந்ததும் அடுக்களையில் பேச்சு நடந்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"வாந்தி நிக்கக் கூடாதுடா. நின்னா உள்ள புள்ள நின்னுபோச்சுன்னு அர்த்தம். எனக்கு நடந்துச்சு, எனக்குத் தெரியாதா? அந்த ஊசி போதும். ஆம்பளப் புள்ளன்னு சொல்லிருச்சுல்ல, அது போதும், இனி அங்க போவேணாம்."

"அம்மா, அவ சாப்புடறாம்மா..."

"அவ சாப்புடறா. புள்ள?"

ஜாகிர் குழாயைத் திறந்து டம்ளர் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. படித்தவர், பெரிய கம்பெனியில் டீம் லீட், ஆனால் அம்மா "புள்ள?" என்று கேட்டால் வாயடைத்துப் போவார். மாமி என்னிடம் வந்து உட்கார்ந்து, என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, கையிலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எவ்வளவு மெதுவாகக் கழற்றினார் தெரியுமா? தூங்குகிற குழந்தையின் வளையலைக் கழற்றுகிற மாதிரி.

மறுநாள் மத்தியானமே வாந்தி வந்தது. வாஷ்பேசினில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் என் முதுகைத் தடவிக்கொண்டே மாமி சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ்."

நான் வாந்தி எடுத்ததற்கு ஒருவர் இறைவனுக்கு நன்றி சொன்னதை என் காதால் கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கை என் முதுகில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அதன் பிறகு முன்பைவிட மோசமானது. இரண்டாவது முறை எமர்ஜென்சி. இந்த முறை ரத்தமும் எடுத்தார்கள். கர்ப்பம் தரித்தால் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறும். மருந்துக் கடைக் குச்சியில் கோடு போடுவதும் அதுதான், வாந்தி வரவைப்பதும் அதுதான். எனக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது. அந்த நர்ஸ் நல்லவர், தேன் நிறத் தலைமுடி, என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தார். இவ்வளவு அதிகமாக இருந்தால் இரட்டையாகக்கூட இருக்கலாம் என்று கண்ணடித்தார். ரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை, அடுத்த வாரம் உன் டாக்டரே ஸ்கேன் எடுப்பார் என்று சலைனோடு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் இரட்டை ஆண் என்றால் பெயருக்கு யாரும் யோசிப்பதில்லை: ஹசன், ஹுசைன். கார் வீட்டுக்கு வருவதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. ஊருக்குப் போன் பேச வாங்கி வைத்த காலிங் கார்டைச் சுரண்டி உத்தமபாளையம் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. பின் இருக்கையில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் ஆசையாக இருந்தது. அதுதான் இதில் கொடுமை. இவ்வளவு கஷ்டத்துக்கு இரண்டு பேர் வந்தால் நியாயம்தானே என்று தோன்றியது.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்த பெண் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். எந்த ஊர், எவ்வளவு வருடம், முதல் குழந்தையா. திரையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று போனாள். மருத்துவமனையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசாமல் ஆனால் என்ன அர்த்தம் என்பது எந்த மொழிக்காரிக்கும் புரியும்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கரு முதலிலேயே கோணிவிட்டது. குழந்தை உருவாகவில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய நச்சுக்கொடி மட்டும் தறிகெட்டு வளர்ந்து, திராட்சைக் குலை மாதிரி நீர்க்கொப்புளமாகக் கருப்பையை நிரப்பியிருக்கிறது. ஹார்மோனை அள்ளிக் கொட்டுவது அதுதான். வாந்தியும் அதனால்தான். உள்ளே யாரும் இல்லை, இருந்ததும் இல்லை. விட்டுவைத்தால் ரத்தம் கொட்டும், சிலருக்குப் புற்றுநோயாக மாறும். நாளைக்கே வந்து சேருங்கள், மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடலாம். தமிழில் இதற்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று பெயர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் வைத்தவருக்கு என்ன மனசோ.

காரில் மாமி அழவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"காலையில எத்தன தடவ எடுத்தா? நீயே சொல்லு. செத்த புள்ளைக்கு வாந்தி வருமா? இவங்க மெஷினு, இவங்க சொல்றதுதானா? கைய வச்சுப் பாத்துச்சே ஒருத்தி, அவகிட்ட போ."

"அம்மா, ஸ்கேன்லயே தெரியுதும்மா."

"ஒரே ஒரு தடவடா. நாடி பாக்கட்டும். அது இல்லேன்னு சொல்லட்டும், நானே நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

"என்னங்க, வேணாம்" என்றேன் நான். "டாக்டர் நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க."

ஜாகிர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். டோல்வேயில் எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டார். ஸ்கேன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து இரண்டாவது அபிப்பிராயம் கேட்கப் போன குடும்பம் டல்லஸ் வட்டாரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டாக்டர் லின்னிடம் ஜாகிர் ஸ்கேனைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் அவர் மனசு மாறிவிடும், நாடி மட்டும் பேசட்டும் என்று மாமி உத்தரவு. நான் சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. டாக்டர் லின் என் வாயைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து, கண்ணை மூடினார்.

"வெரி ஸ்ட்ராங்" என்றார். "மோர் ஸ்ட்ராங்."

மாமி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நாள் காலையில் ஜாகிர் மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியை ஒரு வாரம் தள்ளிப் போட்டார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். எழுந்து போனைப் பிடுங்குகிற தெம்பு எனக்கு இல்லை. அவருக்கு அது தெரியும்.

அந்த வாரம் முடியவில்லை. ஒரு மத்தியானம், ஜாகிர் ஆபீஸில் இருந்தார், மாமி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அடிவயிற்றில் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்த மாதிரி வலி. பாத்ரூமுக்குப் போவதற்குள் ரத்தம் காலில் வழிந்தது. கட்டியும் கொப்புளமுமாக வந்துகொண்டே இருந்தது. தரையில் உட்கார்ந்து, கையில் இருந்த போனில் நானே 911-ஐ அழைத்து, நானே முகவரி சொன்னேன். மாமி ஓடி வந்தார். அலறுவார் என்று நினைத்தேன். அலறவில்லை. திரும்பிப் போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

கீழே கிடந்ததை எல்லாம் கையால் அள்ளினார். குழாயை மெல்லத் திறந்துவிட்டு அலசி அலசிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தினார்.

"இருக்கும்த்தா... சின்னதா இருக்கும்... கண்ணுக்குத் தெரியாத அளவுல இருக்கும்..."

நான் அதைப் பார்த்துக்கொண்டே மயங்கினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டும்போதும் அவர் தேடிக்கொண்டுதான் இருந்தாராம்.

உறிஞ்சிச் சுத்தம் செய்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தது பிரசவ மாடியில். அங்கேதான் படுக்கை இருந்ததாம். அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம்: குழந்தை பிறக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு தாலாட்டு இசை, கிண்கிணி என்று கொஞ்ச நேரம் ஒலிக்கும். கட்டடம் முழுக்கக் கேட்கும். சுவர் அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"என்னத்தா மணி அது?" என்று கேட்டார் மாமி.

"சாப்பாட்டு மணி மாமி."

"அடிச்சிக்கிட்டே இருக்கு, சாப்பாட்டைக் காணோமே."

நல்ல மகசூல் போலிருக்கிறது அன்றைக்கு. ஓயாமல் அடித்தது.

பரிசோதனைக்கு வேண்டும், வீட்டில் வெளியேறியது ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் கேட்டார். ஜாகிர் மொழிபெயர்த்தார். மாமி இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் போனதும் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்தது.

"கொன்னுட்டாங்களேடா! ரெண்டு ஆம்பளப் புள்ளைய மெஷின வச்சு உறிஞ்சிட்டாங்களே! அவ நாடியில ஓடுச்சேடா, ரெண்டும் ஓடுச்சே!"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அம்மா பிரார்த்தனை செய்கிறார் என்றார் ஜாகிர். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ தெரியவில்லை, சலைன் ஊசியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"யாருமே இல்ல மாமி! ஹசனும் இல்ல, ஹுசைனும் இல்ல! வெறும் கொப்புளம்! நீங்கதான் கையில அள்ளிப் பாத்தீங்களே, இருந்துச்சா? சொல்லுங்க, இருந்துச்சா?"

மாமி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயந்துபோய்ப் பார்த்தார். ஜாகிர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலு மாசம் ஆகலேன்னா ரூஹே ஊதப்பட்டிருக்காதும்மா, உசுரே வந்திருக்காது" என்று சமாதானம் சொன்னார். தாலாட்டு மறுபடியும் அடித்தது.

வீட்டுக்கு வந்த அன்று, பின்புறப் புல்வெளியில் வேலி ஓரமாக, புல் பெயர்ந்த ஒரு சாண் இடமும் அதன் மேல் ஒரு செங்கல்லும் பார்த்தேன்.  எவர்சில்வர் கிண்ணத்தை அதற்குப் பிறகு யாரும் புழங்கவில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். ஊரே கொண்டாடிய அந்த ஹார்மோன் இப்போது இறங்க வேண்டும். பூஜ்யம் ஆனால்தான் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். இறங்கிக்கொண்டே வந்தது, ஒரு வாரம் நின்றது, அடுத்த வாரம் ஏறியது. எங்கோ ஒட்டிக்கொண்டு வளர்கிறது, விட்டால் நுரையீரலுக்குப் போகும் என்றார்கள். புற்றுநோய்க்குப் போடுகிற ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட எப்போதும் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் "கிட்டத்தட்ட"வை வீட்டுக்குக் கொண்டுவந்து தினம் தின்றேன். முடிந்து ஒரு வருடம் கர்ப்பம் கூடாது என்றும் சொன்னார். கூடவே வாய்ப்புண், கூடவே வாந்தி.

ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் ஒரு நாள், ஜாகிர் இந்தியன் ஸ்டோரில் அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார், நான் பார்க்கிங் லாட்டில் கார் கதவைத் திறந்து குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி நின்றாள். அந்தச் சிரிப்பு.

"குட் நியூஸா?"

"ஆமா" என்றேன். "கேன்சர் ஊசி."

அவள் வண்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான். சிரித்து முடித்துவிட்டு, கால் போன போக்கில் அந்தக் கடைசிக் கதவைத் தள்ளினேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன்.

டாக்டர் லின் முகம் மலர்ந்து எழுந்தார். என் வயிற்றைப் பார்த்தார். "பாய் குட்?"

கத்துவதற்குள் குமட்டியது. குப்பைத் தொட்டியை அவரே நீட்டிப் பிடித்துக்கொண்டார். முடித்த பிறகு சொன்னேன், குழந்தை இல்லை, இருந்ததே இல்லை, இது புற்றுநோய் மருந்து. அவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சேம் பல்ஸ்" என்றார். குப்பைத் தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "சாரி."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விளக்கம். படுக்கச் சொன்னார். படுத்தேன். அதே இடத்தில் ஊசி. உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றும் வாந்தி நின்றது. அந்த ஊசி வாந்தியைத்தான் நிறுத்தும், வயிற்றில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு சொல் சொன்னார், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாங்கள் அவரை நம்பினோம். பிறகு ஒவ்வொரு கேன்சர் ஊசிக்குப் பின்னும் அவரிடம் போனேன். என் பிரசவ டாக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். கஷாயம் மட்டும் வேண்டாம், கேன்சர் மருந்தோடு சேராது என்றார் அவர்.

வீட்டில் ஒருநாள் சோபாவில் வாளியோடு கிடந்தேன். மாமி தன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அந்த இரண்டு துணிப் பட்டைகள். எறிந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ஊருக்கு எடுத்துப் போகிற துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்திருக்கிறார். என் கையை மடியில் எடுத்துப்போட்டு, மடிப்பிலிருந்து மூன்று விரல் அளந்து, பொத்தான் சரியாக உட்காருகிற மாதிரி மாட்டினார்.

"இப்ப நிக்கலாம்த்தா" என்றார்.

மாமிக்கு விசா முடியும் சமயத்தில்தான் பூஜ்யம் வந்தது. கிளினிக்கிலிருந்து போன் வந்ததும் ஜாகிர் அழுதார். மாமி இறைவனுக்கு ஷுக்ரு செய்து நன்றி சொன்னார். நாட்டுக்கு நாடு போன் போட்டு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பெட்டியெல்லாம் காரில் ஏற்றிய பிறகு, மாமியைக் காணவில்லை. பின்புறம் போய்ப் பார்த்தேன். வேலி ஓரத்தில் அந்தச் செங்கல்லுக்கு முன்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையேந்தி நின்றார். ஜாகிரும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமி குரலைத் தாழ்த்தினார்.

"இனி நான் இங்க வருவேனோ என்னமோ. ஒரே ஒரு ஆமீன் சொல்லிட்டுப் போத்தா. உனக்காக இல்ல. எனக்காக."

ஓத ஆரம்பித்தார். பாதியில், நேரம் வைத்த தண்ணீர்க் குழாய்கள் புல்லுக்குள்ளிருந்து எழும்பி எங்கள் மூன்று பேர் மேலும் விசிற ஆரம்பித்தன. ஜாகிர் நிறுத்த ஓடினார். மாமி நகரவில்லை. முகமெல்லாம் தண்ணீர் வழிய, ஹசனையும் ஹுசைனையும் பெயர் சொல்லி, என் பேரப் பிள்ளைகளைச் சுவர்க்கத்தின் தோப்புகளில் விளையாட விடு என்று கேட்டார்.

அங்கே யாரும் இல்லை. இந்த உலகத்தில் அது நிச்சயமாகத் தெரிந்தவள் நான்தான்; மருத்துவமனையே கேட்கும்படி கத்தியவளும் நான்தான். புடவை நனைந்து காலோடு ஒட்டியது. மாமி முடித்துவிட்டு, கையை இறக்காமல், எனக்காகக் காத்திருந்தார்.

இரண்டு முறை சொன்னேன். ஒருவனுக்கு ஒன்று.